ஓரிகன் கடற்கரை, அப்பா அம்மாவோட 3 நாள்: என் திட்டம் தேறுமா?

காவிரிக்கரை (கேள்வி)

எல்லாருக்கும் வணக்கம். ஹில்ஸ்பரோவுக்கு வந்து ஒரு வருஷம் ஆகப்போகுது, இன்னும் கடல் பக்கம் போனதில்ல. கும்பகோணத்துலேருந்து அப்பா அம்மா வந்திருக்காங்க. அப்பா தபால் துறையில இருந்து ரிட்டயர் ஆனவர். எந்த ஊருக்குப் போனாலும் கல்வெட்டோ பலகையோ கண்ணுல பட்டா முதல் எழுத்துலேருந்து கடைசி எழுத்து வரை படிச்சுட்டுத்தான் நகருவார். அம்மாவுக்கு முழங்கால் வலி, படின்னாலே பயம். பொண்ணு நாலாம் வகுப்பு. இருநூறு வருஷம் முன்னாடி அமெரிக்காவைக் குறுக்கே கடந்து இந்த மேற்குக் கடல் வரைக்கும் வந்த லூயிஸ், கிளார்க் பயணத்தைப் பத்தி ஸ்கூல்ல புராஜெக்ட் குடுத்திருக்காங்க. அதனால சும்மா கடலைப் பார்த்துட்டு வராம, அந்தக் காலத்துப் பயணிகள் வந்து இறங்கின இடங்களையும் சேர்த்துப் பார்க்கலாம்னு ஆசை.

செப்டம்பர் கடைசி வாரம், வெள்ளி முதல் ஞாயிறு வரை. முதல் நாள் அஸ்டோரியா, கிளாட்சாப் கோட்டை, கேனன் பீச், ராத்திரி டில்லமூக். ரெண்டாம் நாள் நியூபோர்ட், கேப் பெர்பெச்சுவா, ஹெசிட்டா ஹெட், ராத்திரி ஃபிளாரன்ஸ். மூணாம் நாள் கூஸ் பே, புரூக்கிங்ஸ் வரை இறங்கி ஐ-5 பிடிச்சு வீடு. மொத்தம் 19 நிறுத்தம், எக்செல்ல போட்டு வச்சிருக்கேன். வீட்டம்மா அதைப் பார்த்துட்டு ஒண்ணுமே சொல்லல. அந்த மௌனம்தான் பயமா இருக்கு.

இது நடக்குமா? எதை வெட்டலாம்?


வளைவு நெளிவு

நடக்காது. வீட்டம்மா கிட்ட மன்னிப்பு கேட்டுடுங்க.

ஓரிகன் கடற்கரை மொத்தம் 363 மைல். மேப்புல அது சின்னதாத்தான் தெரியும். ஆனா கடற்கரையோரமா போற 101 நெடுஞ்சாலையில பாதி தூரம் ஒரு வழிக்கு ஒரே தடம்தான், முன்னாடி வீடு மாதிரி ஒரு ஆர்.வி. வண்டி மாட்டினா அது ஒதுங்கற வரைக்கும் அதோட பின்பக்கத்தைத்தான் தரிசனம் பண்ணணும். புரூக்கிங்ஸ்லேருந்து ஹில்ஸ்பரோ திரும்பவே ஆறு மணி நேரத்துக்குக் குறையாது. அப்பா பலகை படிக்கிறவர்னு வேற சொல்றீங்க.

நியூபோர்ட்டுக்குத் தெற்கே இப்போ வேண்டாம். நான் அப்படி ஓட்டினதுல எங்க அத்தைக்கு நினைவிருக்கறது நாலு கழிப்பறையும் ஒரு வாந்தியும்தான்.


உப்பளத்தான்

தம்பி, மேல சொன்னவர் பாதிதான் வெட்டினார். நான் இன்னும் வெட்டறேன். நியூபோர்ட்டும் வேண்டாம். அஸ்டோரியாவுல ரெண்டு ராத்திரி ஒரே ரூம் போடுங்க. கொலம்பியா ஆறு கடல்ல விழற முகத்துவாரத்தைச் சுத்தி மேலேயும் கீழேயும் ஒரு முப்பது மைலுக்குள்ள உங்க பொண்ணு பாடம் மொத்தமும் கிடக்கு.

நான் தூத்துக்குடிக்காரன். எங்கப்பா அம்பது வருஷம் உப்பளத்துல கெடந்தவர். ரெண்டு வருஷம் முன்னாடி நவம்பர்ல அவரைக் கூட்டிட்டு இந்த ரூட் போனேன். நவம்பர்ல ஏன் போனேன்னு கேக்காதீங்க, எனக்கு லீவு அப்பத்தான் கிடைச்சுது. மூணு நாளும் மழை. ஆனா இந்தக் கதைக்கு மழைதான் சரி. 1805 டிசம்பர்லேருந்து 1806 மார்ச் 23 வரைக்கும் லூயிஸ், கிளார்க் கூட்டம் கிளாட்சாப் கோட்டையில கிடந்தது 106 நாள், அதுல மழை பெய்யாத நாள் வெறும் 12. கோட்டைன்னு பேர்தான். அம்பது அடிச் சதுரம், அதுக்குள்ள கைக்குழந்தையோட சேர்த்து 33 பேர். துணி மக்கிப்போச்சு, தெள்ளுப்பூச்சி கடிச்சுத் தூக்கமில்ல, வேட்டையாடின எல்க் மான் கறி ரெண்டே நாள்ல நாறிப்போகும். கிறிஸ்துமஸ் விருந்தே கெட்டுப்போன எல்க் கறி, கெட்டுப்போன மீன், கொஞ்சம் கிழங்கு. இப்ப அங்க நிக்கிறது மாதிரிக் கோட்டை. 1955-ல கட்டினது 2005 அக்டோபர்ல, இருநூறாவது வருஷக் கொண்டாட்டத்துக்குக் கொஞ்ச நாள் இருக்கும்போது, எரிஞ்சுபோச்சு. அடுத்த வருஷம் திரும்பக் கட்டினாங்க. உள்ள நுழைஞ்சதும் ஈரமரமும் புகையும் கலந்த ஒரு வாடை. அப்பா பலகைக்கட்டில்ல கையை வச்சுப் பார்த்தார், தலைகாணி எங்கலேன்னு கேட்டார்.

ஆனா நான் எழுத வந்தது கோட்டையைப் பத்தி இல்ல. அங்கேருந்து தெற்கே ஸீசைடுன்னு ஒரு ஊர், அஸ்டோரியாவுலேருந்து 17 மைல். மிட்டாய்க் கடை, ராட்டினம், வீடியோ கேம்னு நம்ம பொருட்காட்சி மாதிரி இருக்கும். அந்தச் சந்தடியை விட்டு தெற்குக் கோடிக்குப் போனா, ரெண்டு வீட்டுக்கு நடுவுல ஒரு காலி மனை அளவு இடம். வேலி போட்டு, கல்லடுக்கி ஒரு அடுப்பு, அது மேல வரிசையா கொப்பரை. பக்கத்து வீட்டுல குப்பைத் தொட்டி வெளிய நிக்குது. நான் ரெண்டு தடவை தாண்டிப் போயிட்டேன், மூணாவது தடவை அப்பாதான் "ஏலே, அந்தா அடுப்பு"ன்னு சொன்னார்.

அதுதான் லூயிஸ், கிளார்க் ஆட்கள் கடல்தண்ணி காய்ச்சி உப்பு எடுத்த இடம். 1806 ஜனவரி ஆரம்பத்துலேருந்து பிப்ரவரி 20 வரைக்கும் மூணு பேர் முக்கியமா அங்கேயே தங்கி, அஞ்சு கொப்பரையில ராத்திரி பகலா காய்ச்சினாங்க. கிடைச்சது நாலு புஷலுக்குள்ள. சொல்லப்போனா ரெண்டு மூணு மூட்டை. லூயிஸுக்கு முதல் உப்பு வந்ததும் அவ்வளவு சந்தோஷம். கிளார்க் உப்பு இருந்தா என்ன இல்லாட்டி என்னன்னு இருந்தவராம், அதையும் லூயிஸ் குறிப்புல எழுதி வச்சிருக்கார். (எங்க வீட்டுல அப்படிச் சொல்லியிருந்தா அன்னைக்குச் சோறு கிடையாது.)

கோட்டை ஆத்தோரமா இருக்கே, உப்புக்கு மட்டும் ஏன் இத்தனை தூரம் வந்தாங்கன்னு நான் கேட்டேன். பலகையைப் படிக்காமலே அப்பா சொன்னார்: அவ்வளவு பெரிய ஆறு வந்து விழுதே, முகத்துவாரத்துல தண்ணி சப்புன்னுல்ல இருக்கும், விலகி வந்தாத்தான் கடுப்பு இருக்கும். அப்புறம் மழையில குடையைப் பிடிச்சுக்கிட்டே கணக்குப் போட ஆரம்பிச்சிட்டார். உப்பு அடர்த்தியில கடல்தண்ணி மூணு டிகிரிதான், உப்பு உறைய 25 டிகிரி வரணும். நம்ம ஊர்ல போர்வெல்ல வர்ற தண்ணியே கடலைவிடக் கடுப்பு, அதைப் பாத்தியில விட்டா மிச்ச வேலையை வெயில் பார்க்கும், நாம வாரிக் குவிக்க வேண்டியதுதான். இவனுக்கு வெயிலே இல்லையேலே, மரத்தையில்ல வெயிலா எரிச்சிருக்கான். எத்தனை மரம் ஆயிருக்கும்னு ஒரு கேள்வி. ஈர விறகு வேறன்னார். பத்து நிமிஷம் நின்னு பார்க்கற இடத்துல முக்கால் மணி நேரம் நின்னோம். அஸ்டோரியா தூணுக்குக் கூட்டிட்டுப் போனப்ப காரை விட்டே இறங்காத மனுஷன்.

அந்த இடம் இதுதான்னு 1900-ல காட்டிக்குடுத்தது ஜென்னி மிஷெல்னு ஒரு கிளாட்சாப் பூர்வகுடி அம்மா. வெள்ளைக்காரங்க அங்க தண்ணி காய்ச்சினதைப் பத்தி அவங்க வீட்டுப் பெரியவங்க சொல்லிக் கேட்டவங்க. அதுவரைக்கும் எழுதி வச்ச காகிதத்தை மட்டும் பார்த்து யாராலயும் இடத்தைக் குறிச்சுச் சொல்ல முடியல.

இன்னொரு சேதி, உங்க பொண்ணுக்கு. அதே 1806 ஜனவரியில தெற்கே ஒரு திமிங்கலம் கரை ஒதுங்கினதுன்னு கேள்விப்பட்டு கிளார்க் கொழுப்பு வாங்கக் கிளம்பறார். கூட்டத்தோட கூட வந்த பூர்வகுடிப் பொண்ணு சாக்கஜவேயா அப்போ ஒரு வாதம் பண்ணாங்க. இத்தனை தூரம் நடந்து வந்தும் பெரிய தண்ணியை இன்னும் பார்க்கல, இப்போ பெரிய மீனும் வந்திருக்கு, ரெண்டையும் எனக்குக் காட்டலன்னா எப்படின்னு. கைக்குழந்தைக்காரி, ரெண்டு மாசமா கடல் பக்கத்துலயே இருந்தும் கடலைப் பார்க்கல. நம்ம வீட்டுப் பொம்பளைங்க கன்னியாகுமரிக்குப் போயும் பாத்திரம் கழுவிட்டுத் திரும்பின கதைதான். கூட்டிட்டுப் போனாங்க. டில்லமூக் மலைமுனை ஏறி இறங்கிப் போய்ச் சேர்ந்தா, ஊர்க்காரங்க அதுக்குள்ள அறுத்து முடிச்சு எலும்புக்கூடுதான் மிச்சம். கிளார்க் அளந்தது 105 அடி. 300 பவுண்டு கொழுப்பு வாங்கினார். பைபிள்ல யோனாவை விழுங்க வந்தது மாதிரி இல்லாம, நாம விழுங்கறதுக்குன்னு கடவுள் இதை அனுப்பினார்னு குறிப்புல ஒரு கேலி. அந்த இடம்தான் இன்னைக்கு கேனன் பீச். பக்கத்துப் பூங்காவுக்கு எகோலான்னு பேர், சினூக் பூர்வகுடி பாஷையில திமிங்கலம்.

எகோலா போற ரோடு குறுகலா, மரத்துக்கு நடுவுல வளைஞ்சு வளைஞ்சு போகும். மண் சரிஞ்சு அடிக்கடி மூடுவாங்க, கிளம்பும் முன்னாடி பார்த்துக்குங்க. மேல போயிட்டா அம்மாவுக்கு நடையே அதிகமில்ல, கார் நிறுத்தற இடத்துக்குப் பக்கத்துலயே கடல் விரிஞ்சு கிடக்கும். தூரத்துல ஒத்தைப் பாறை மேல டில்லமூக் கலங்கரை விளக்கம், 1881-ல ஏத்தினது, இப்போ எரியறதில்ல.

பழைய ராணுவக் கோட்டை ஃபோர்ட் ஸ்டீவன்ஸையும் விடாதீங்க. 1906-ல தரைதட்டின பீட்டர் ஐரடேல் கப்பலோட இரும்பு எலும்பு மணல்ல இன்னும் நிக்குது, கடல் வாங்கியிருக்கும்போது போனா பக்கத்துலயே போய்த் தொடலாம். அங்கேதான் 1942 ஜூன் 21 ராத்திரி ஜப்பான் நீர்மூழ்கி ஐ-25 குண்டு போட்டுச்சு. கோட்டைக்காரங்க இருக்கிற இடம் தெரிஞ்சுடும்னு திருப்பிச் சுடாம இருட்டுல உக்காந்திருந்தாங்க. அப்பா உடனே "அப்ப இது இவனுக்கு எம்டன்"னார்.

கடைசியா ஒண்ணு, சொல்ல வெக்கமா இருக்கு. ஸீசைடுல அப்பா ரெண்டு லிட்டர் பாட்டில் நிறைய கடல்தண்ணி பிடிச்சுக்கிட்டார். எதுக்குன்னு கேட்டா பதில் இல்ல. ராத்திரி நான் குளிச்சுட்டு வர்றேன், ரூம்ல ஜன்னல் எல்லாம் ஆவி. அங்க இருந்த சின்ன அடுப்புல பாத்திரத்தை வச்சுக் காய்ச்சிக்கிட்டு உக்காந்திருக்கார். புகை அலாரம் அடிக்குமோன்னு நான் துண்டை விசிறிக்கிட்டே நிக்கிறேன், அவர் கரண்டியால ஓரத்தைச் சுரண்டிக்கிட்டிருக்கார். பதினொரு மணிக்குப் பாத்திரத்துல வெள்ளையா ஒரு கைப்பிடி. நாக்குல வச்சார், முகம் சுருங்கிப்போச்சு. "கசக்குதுலே. கடைசித் தண்ணியை வடிச்சுக் கொட்டியிருக்கணும். அளத்துல அம்பது வருஷம் கெடந்தவன் அதைப் போய் மறந்திருக்கேன் பாரு." பாத்திரத்து அடியில பிடிச்ச வெள்ளைத் திட்டு கடைசி வரைக்கும் போகல. இருபது டாலர் வச்சுட்டு வந்தேன்.


காவிரிக்கரை

அண்ணாச்சி, எக்செல்லை மூடிட்டேன். வீட்டம்மாவுக்குப் படிச்சுக் காட்டினேன், முதல் தடவையா சிரிச்சாங்க. அஸ்டோரியா ரெண்டு ராத்திரி முடிவு.

ரெண்டு சந்தேகம். ஆத்தைத் தாண்டி வாஷிங்டன் மாநிலத்துப் பக்கம் போகணுமா, இல்ல இந்தப் பக்கமே போதுமா? அப்புறம் பாஸ்: எல்லாப் பூங்காவுக்கும் ஒரே டிக்கெட்டா?


சியாட்டில் சித்தி

தாண்டாமல் வந்தால் பாதிக் கதைதான் தம்பி. பாலமே ஒரு அனுபவம்: 1966-இல் திறந்தது, நாலு மைலுக்கு மேல். அஸ்டோரியா பக்கம் உயரமாக ஏறி, பிறகு தண்ணீரை ஒட்டிக்கொண்டு ஓடும். அம்மாவை முன் சீட்டில் உட்கார வையுங்கள்.

பாலம் இறங்கியதும் வலப்பக்கம் கொஞ்ச தூரத்தில் சாலையோர ஓய்விடம் ஒன்று வரும். கழிப்பறைக்குத்தான் எல்லோரும் நிறுத்துகிறார்கள். அதுதான் டிஸ்மல் நிட்ச், 1805 நவம்பரில் புயலில் மாட்டி ஆறு நாள் பாறைக்கும் அலைக்கும் நடுவே அந்தக் கூட்டம் ஒடுங்கிக் கிடந்த இடம். அதற்குச் சில நாள் முன்பு, நவம்பர் 7 அன்றுதான், கடல் தெரிந்துவிட்டது என்று கிளார்க் ஆனந்தக் கூத்தாடி எழுதினார். தெரிந்தது கடல் அல்ல, ஆற்றின் அகன்ற வாய். உங்கள் மகளின் புராஜெக்டில் இதை எழுதச் சொல்லுங்கள், டீச்சருக்குப் பிடிக்கும்.

பாலத்துக்கு இடப்பக்கம் திரும்பினால் மிடில் வில்லேஜ். நவம்பர் 24 அன்று குளிர்காலத்தை எங்கே கழிப்பது என்று ஒவ்வொருவரையும் கேட்டுக் குறித்தார்கள். கிளார்க்கின் அடிமை யார்க்கின் கருத்தும் பதிவாகியிருக்கிறது. சாக்கஜவேயா, கிழங்கு நிறையக் கிடைக்கும் இடமாக இருந்தால் சரி என்றிருக்கிறார். இதைப் பெரிய ஜனநாயகம் என்று கொண்டாடுகிறவர்கள் உண்டு. எனக்கு அது அவ்வளவாக ஒட்டுவதில்லை. ஊர் திரும்பிய பிறகும் யார்க் பல வருஷம் அடிமையாகவே இருந்தார்.

உப்பளத்தான் ஜென்னி மிஷெலைச் சொன்னது நல்லது. அதே மாதிரி, அந்த மிடில் வில்லேஜ் என்பது சினூக் மக்களின் ஊர். அவர்களுக்கு மத்திய அரசின் அங்கீகாரம் 2001 ஜனவரியில் கிடைத்தது, 2002-இல் பறிபோனது. 1806 மார்ச்சில் கிளம்பும்போது இந்தக் கூட்டம், சினூக் இனத்தில் ஒரு பிரிவான கிளாட்சாப் மக்களின் ஓடம் ஒன்றைக் கேட்காமல் எடுத்துக்கொண்டு போனது. கிளார்க் வம்சத்தார் 2011-இல் அதற்கு ஈடாக ஓர் ஓடம் செய்து சினூக் மக்களிடம் கொடுத்தார்கள். 205 வருஷம்.

பிறகு கேப் டிஸப்பாயிண்ட்மென்ட். அப்பாவுக்குப் பலகை விருந்து. 1775-இல் ஸ்பெயின்காரர் ஹெசிட்டா ஆற்றின் வாயைப் பார்த்தார், உள்ளே நுழைய முடியவில்லை. 1788-இல் ஜான் மியர்ஸ் வந்து, இங்கே ஆறே இல்லை என்று முடிவு கட்டி, முனைக்கு ஏமாற்றம் என்று பெயர் வைத்துவிட்டுப் போனார். 1792 மே 11 அன்று ராபர்ட் கிரே நுரைக்கும் மணல்திட்டைத் தாண்டிக் கப்பலை உள்ளே விட்டார், கப்பலின் பெயரே ஆற்றுக்குப் பெயர். மேலே 1856-இன் கலங்கரை விளக்கம். அதற்குப் போகும் பாதை ஏற்றம், அம்மாவுக்கு வேண்டாம். அவர் கீழே வைகிகி கடற்கரையில் உட்காரட்டும், அலை வந்து முனையில் மோதுவது அங்கிருந்தே தெரியும். மியூசியம் திறந்திருக்கிறதா என்று முன்னாடியே பாருங்கள். படகுத்துறைப் பக்கம் மீன் அறுக்கும் மேடை ஒன்று இருக்கிறது, கருங்கல். மாயா லின் என்ற சிற்பி செய்தது. சினூக் மக்களின் பிறப்புக் கதையை அதில் வெட்டியிருக்கிறார். மீன்பிடிக்கிறவர்கள் அதன் மேலேயே மீனை அறுக்கிறார்கள், செதில் எழுத்துக்குள் ஒட்டிக்கொண்டிருக்கும்.

பாஸ்: வாஷிங்டன் மாநிலப் பூங்காவுக்கு ஒன்று, ஓரிகன் மாநிலப் பூங்காவுக்கு ஒன்று, கிளாட்சாப் கோட்டை மத்திய அரசு, அதற்கு வேறு. உப்படுப்பு, டிஸ்மல் நிட்ச், மிடில் வில்லேஜ் மூன்றும் இலவசம்.


வளைவு நெளிவு

நியூபோர்ட்டை எல்லாரும் சேர்ந்து அடிச்சுத் துரத்திட்டீங்க. அடுத்த தடவைக்குன்னு ஒரு வரி சொல்லிக்கறேன்: கேப் ஃபவுல்வெதர். 1778 மார்ச் 7 அன்னைக்குக் கேப்டன் குக் ஓரிகன் கரையை முதல்ல பார்த்த இடம், காத்தும் மழையும் விரட்டினதுல மோசமான வானிலைன்னே பேர் வச்சுட்டார். இன்னும் தெற்கே கேப் பெர்பெச்சுவாவும் அவர் வச்ச பேர்தான், அங்க கார் உச்சி வரைக்கும் போகும், முழங்கால் வலிக்காரங்களுக்கு அதைவிட நல்ல இடம் கிடையாது.

அப்புறம், ஜாக்கெட். செப்டம்பர்தானேன்னு விட்டுடாதீங்க.


காவிரிக்கரை

போய்ட்டு வந்துட்டோம். புளியோதரையும் தயிர்சாதமும் ரெண்டு நாள் தாங்கிச்சு. டிஸ்மல் நிட்ச்ல அப்பா எல்லாப் பலகையையும் படிச்சார், நாங்க நாலு பேரும் மாத்தி மாத்திப் பாத்ரூம் போய்ட்டு வந்துட்டோம், அவர் அப்பவும் படிச்சுக்கிட்டிருந்தார். எகோலா மூடியிருந்துது. கேனன் பீச் மணல்லேயே அம்மாவை உக்கார வச்சோம். பொண்ணு 105 அடி எவ்வளவு தூரம்னு காலடியால அளந்து, வாலுக்கு ஒரு செருப்பும் தலைக்கு ஒரு செருப்பும் வச்சா. நடுவுல அம்மா உக்காந்திருந்தாங்க, திமிங்கலத்தோட வயித்துல.

உப்படுப்பை நாங்களும் தாண்டிப் போயிட்டோம். பக்கத்து வீட்டுக்காரம்மா செடிக்குத் தண்ணி விட்டுக்கிட்டிருந்தவங்க, கேக்காமலே கையைக் காட்டினாங்க.

அண்ணாச்சி, அந்த உப்பு இன்னும் வச்சிருக்கீங்களா? அப்பா கேக்கச் சொன்னார்.


உப்பளத்தான்

இருக்கு. பழைய ஊறுகாய் பாட்டில்ல போட்டு மூடி வச்சிருக்கு. வடிக்காத உப்பு பாருங்க, ஈரத்தை இழுக்கும். மழை ஆரம்பிச்சா உள்ள தண்ணி விட்டு அடியில நிக்குது, ஜூலையில திரும்பக் கட்டியாயிடுது. ஊருக்குப் போன் பண்ணும்போதெல்லாம் அப்பா முதல்ல அதைத்தான் விசாரிக்கிறார்: "இப்ப தண்ணியா, உப்பா?"